குடும்பிமலை இறங்கிய பசிக்கு எந்தப் பக்கம் திரும்புவது?

மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலை ஏறுவது பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள், இறங்கிய பிறகு எங்கே சாப்பிடுவது என்று ஒருவரும் சொல்வதில்லை. மேலே மொட்டைப் பாறை, கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் காலத்தில் ஏறினால் வாய் உலர்ந்து பேச்சே வராது. கிழக்கே வந்து கிரான் சந்தியில் நின்றால் எல்லாக் குழுவிலும் ஒரே வாக்குவாதம்தான்: இடது பக்கம் வாழைச்சேனை, ஓட்டமாவடியா, வலது பக்கம் ஏறாவூர், மட்டக்களப்பு, காத்தான்குடியா?

என்னைக் கேட்டால் எந்தப் பக்கமும் உடனே திரும்ப வேண்டாம். முதலில் தயிர். அந்தப் பக்கத்து மயிலத்தமடு, மாதவணை எல்லாம் மேய்ச்சல் தரைகள், அந்தப் பண்ணையாளர்களின் பாடுதான் கிரானிலும் சித்தாண்டியிலும் சட்டியில் உறைந்து விற்பனைக்கு வருகிறது, அதை விட்டுவிட்டு போத்தல் குளிர்பானம் குடிப்பது எனக்குப் பொறுக்காது. எருமைத் தயிரா என்று கேட்டு வாங்குங்கள். மேலே ஆடை இருக்க வேண்டும், கரண்டியை இறக்கினால் கட்டியாக வெட்டுப்பட வேண்டும், ஓரமெல்லாம் தண்ணீர் விட்டு நின்றால் அந்தச் சட்டியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பாதியைக் கரைத்து உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு மோராகக் குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போயிருக்கும், வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் அது திரும்பி வராது. மீதியைச் சீனியும் வாழைப்பழமும் பிசைந்து சாப்பிடலாம். சோறு கிடைத்தால் இன்னும் நல்லது.

அதற்குப் பிறகு ஓட்டமாவடி. கிட்ட இருக்கிறது, பராட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும் சுடச்சுடக் கிடைக்கும், கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் கேட்டாலே பாதிக் களைப்புப் போய்விடும். ஆனால் காய்ந்த வயிற்றில் நேரே கொத்தை இறக்கினால் வீடு போகும்வரை நெஞ்செரிச்சல்தான்.

காத்தான்குடி புரியாணிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மட்டக்களப்பு டவுனையும் தாண்டிப் போக வேண்டும், கால் இழுக்கிற நேரத்தில் வான் வண்டியில் அவ்வளவு தூரம் மடங்கி உட்கார்ந்திருப்பது பெரிய பாடு. பத்துப் பேர் சேர்ந்து போய், இரவு அங்கேயே தங்குவதாக இருந்தால் சரி. ஏறாவூர் வழியில்தானே, அங்கே பிளேன்ரீயும் (பால் விடாத தேநீர்) ரோல்ஸும் போதும்.

டவுனில் நண்டுக்கறி சாப்பிட வேண்டும் என்பவர்கள் குளித்து உடுப்பு மாற்றிவிட்டு இரவுக்குப் போங்கள். வாவி நண்டை முருங்கை இலை போட்டு உறைப்பாக வைத்திருப்பார்கள், அதைக் கடித்து உறிஞ்ச ஒரு மணித்தியாலமாவது வேண்டும், அவசரத்தில் சாப்பிடுகிற சாமான் இல்லை அது. பியர் தேடுகிறவர்களும் அப்போது பார்த்துக்கொள்ளலாம், மலையடியிலிருந்து வந்த சூட்டோடு குடித்தால் உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரும் போய்விடும். போயா (பௌர்ணமி) நாளென்றால் அதுவும் கிடைக்காது.

அப்புறம் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடிக் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதப் பகலிலும் அப்படித்தான். அந்த நாட்களில் ஏறுவதாக இருந்தால் கிரான் தயிரோடு நேரே டவுனுக்கு விடுங்கள்.