ஸ்காட் பில்கிரிம்: காமிக்ஸா, திரைப்படமா, அனிமேயா?

பிரையன் லீ ஓ'மாலி 2004 முதல் 2010 வரை ஆறு தொகுதிகளாக வரைந்த காமிக்ஸ், எட்கர் ரைட் 2010இல் இயக்கிய திரைப்படம், நெட்ஃபிளிக்ஸில் 2023இல் வெளிவந்த எட்டு அத்தியாய அனிமே (ஜப்பானிய பாணி அசைபடத் தொடர்) ஆகிய மூன்றும் ஒரே முடிச்சிலிருந்து கிளம்புகின்றன. டொராண்டோவில் வேலைவெட்டி இல்லாமல் பேஸ் கிதார் வாசித்துத் திரியும் ஸ்காட், ரமோனாவின் அன்பைப் பெற அவளுடைய ஏழு முன்னாள் இணைகளையும் சண்டையிட்டு வெல்ல வேண்டும். மூன்றிலும் பழைய வீடியோ கேம்களின் வாசனை வீசினாலும், அது செய்யும் வேலை ஒன்றல்ல.

திரைப்படத்தில் அது கண்ணுக்கும் காதுக்குமான விருந்து. யுனிவர்சல் நிறுவனத்தின் முத்திரையே பழைய கேம்களுக்குரிய எட்டு பிட் படமாகவும் இசையாகவும் தொடங்குகிறது. தோற்றவர்கள் நாணயங்களாகச் சிதறுகிறார்கள். செல்டா விளையாட்டின் இசை ஓரிடத்தில் மெல்லக் கேட்கிறது. ஓராண்டுக்கு மேல் நிதானமாக நகரும் கதையை 112 நிமிடங்களுக்குள் அடக்கிய அந்த வேகத்துக்கு இணையாக வேறொரு காமிக்ஸ் படத்தை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் படம் திரையரங்குகளில் போட்ட பணத்தை எடுக்கவில்லை.

காமிக்ஸில் அதே விளையாட்டு மொழி இன்னும் தந்திரமாகப் பயன்படுகிறது. தன் பள்ளிப் பருவத்தில் கிம் என்ற பெண்ணை எதிரிகளிடமிருந்து மீட்டதாக ஸ்காட் நினைவுகூரும் பகுதி, இரண்டாம் தொகுதியில் ஓர் அடிதடி கேம் போலவே வரையப்பட்டிருக்கிறது. நாமும் அதை வேடிக்கையாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். ஆறாம் தொகுதியிலோ, அந்த வீரக்கதை அவனே தனக்குச் சொல்லிக்கொண்ட பொய் என்பதும், அன்று அடிபட்டவன் அப்படியொரு வில்லனே அல்லன் என்பதும் கிம்மின் வாயாலேயே தெரியவருகின்றன. தன் நிழலுருவான நெகா ஸ்காட்டுடன் மோதி, அவனைத் தனக்குள் ஏற்றுக்கொண்ட பிறகே தான் செய்த தவறுகள் ஸ்காட்டுக்கு நினைவு வருகின்றன. படத்தில் அந்தச் சந்திப்பு ஒரு நகைச்சுவைத் துணுக்காகச் சுருங்கி, இருவரும் நண்பர்களாகப் பிரிகிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் கதையின் முதுகெலும்பு அங்கேதான் வளைகிறது.

இதற்காக ரைட்டைக் குறைசொல்வதும் முழு நியாயமாகாது. படப்பிடிப்பு 2009இலேயே நடந்துவிட, ஆறாம் தொகுதி 2010 ஜூலையில்தான் வெளிவந்தது. மேலும், கூடுதல் உயிர் ஒன்றைக் கொண்டு இறுதிச் சண்டையை மறுபடி தொடங்கும் ஸ்காட், இம்முறை முதலில் கிம்மிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மோதப் போகும் காட்சி, காமிக்ஸின் உள்ளடக்கத்தைத் திரைக்கே உரிய முறையில் ஓரளவு ஈடுசெய்கிறது. தோற்ற கட்டத்தைத் திரும்ப ஆடிப் பழகியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சயன்ஸ் சாரு நிறுவனம் உருவாக்கிய அனிமேக்குத் திரைப்பட நடிகர்களே குரல் கொடுத்திருப்பதால், படத்தின் மறுபதிப்பு என்று எண்ணித்தான் பலரும் உட்காருவார்கள். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே ஸ்காட் களத்திலிருந்து மறைய, ரமோனா துப்பறியக் கிளம்புகிறாள். முன்னாள் இணைகளுக்கும் மனம் என்று ஒன்று உண்டு என்பதை இந்த வடிவமே பொறுமையாகக் காட்டுகிறது. ஆனால் மூலக்கதை தெரியாதவருக்கு அதன் குறும்புகளில் பாதி புரியாமல் போகும். ஆகவே நேரம் குறைவாக உள்ளவர் படத்தைப் பார்க்கலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் காமிக்ஸைக் கையில் கொடுப்பேன். அனிமேயை இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பிறகே தொடங்க வேண்டும்.