சிக்னல் தடுக்கற பை வாங்கி டெஸ்ட் பண்ணேன்

ஆபீஸ்ல ஒருத்தர், "போனை ஆஃப் பண்ணாலும் சிக்னல் போயிட்டேதான் இருக்கும் சார், 2013ல ஹாங்காங்ல, அமெரிக்க உளவு ரகசியத்தை வெளிய விட்ட ஸ்னோடனே, பாக்க வந்தவங்க போனையெல்லாம் ஃப்ரிட்ஜ்ல வெக்கச் சொன்னாரு"ன்னு பீதிய கெளப்பி விட்டதுல ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆர்டர் போட்டது இந்த ஃபாரடே பை. 650 ரூவா. உள்ள உலோக நூல் கலந்த துணி, வாயை ரெண்டு மடிப்பு மடிச்சு வெல்க்ரோ ஒட்டணும்.

மொதல்ல ஆன்ல இருக்கற போனை உள்ள போட்டு வீட்டுக்காரம்மா போன்லேருந்து அடிச்சேன், ஜம்முனு ரிங் போகுது. போச்சுடா 650னு பாத்தா நான் ஒரு மடிப்புதான் மடிச்சிருக்கேன். ரெண்டாவதையும் மடிச்சு அமுக்குனப்புறம் "தொடர்பு எல்லைக்கு வெளியே"ன்னு வந்துச்சு. "ஸ்விட்ச் ஆஃப்"னு வரல பாருங்க, ஏன்னா முறையா ஆஃப் பண்ணா போன் டவர்கிட்ட சொல்லிட்டுதான் கெளம்பும், பையில போட்டா சொல்லாம கொள்ளாம காணாமப்போகும். இன்னொன்னு, ஆன்லயே உள்ள விட்டா டவரைத் தேடித்தேடி பேட்டரி சர்ருன்னு எறங்குது, போனும் சுடுது.

சரி, ஆஃப் பண்ண போன்? டவரோட பேசற மோடம் படுத்துடும், அதுல பயமில்ல. ஆனா என்னோடது ஐபோன் 13, அது முழுசா தூங்காது. 2021ல வந்த ஐஓஎஸ் 15லேருந்து, ஆஃப் ஆனப்புறமும் ப்ளூடூத் மட்டும் துளி கரண்ட்ல முனகிட்டே இருக்கும், பக்கத்துல போற வேற ஆப்பிள் போன் அதைக் கேட்டு இடத்தை அனுப்பிடும். கூகுளோட பிக்சல் 8 போன்லயும் இது உண்டு. ஆஃப் பண்ணி தம்பி கைல குடுத்து டீக்கடைக்கு அனுப்பினேன், கொஞ்ச நேரத்துல, போன் எங்க இருக்குன்னு காட்டற மேப்ல டீக்கடை வந்துருச்சு. அடுத்து பையில போட்டு மார்க்கெட் பக்கம் அனுப்பினேன், பழைய இடத்துலயே நிக்குது. பை பாஸ்.

ஆனா கடுப்பு என்னன்னா, ஆஃப் பண்ற ஸ்லைடருக்கு கீழயே சின்னதா ஒரு வரி இருக்கு, அதைத் தொட்டு இதை நிறுத்திக்கலாம், சல்லிக்காசு செலவில்ல. நான் நிறுத்தல. போனை அடிக்கறவன் மொதல்ல ஆஃப்தான பண்ணுவான், அப்பவும் மேப்ல தெரியட்டும். யோசிச்சா இந்தப் பை என்னை விட அவனுக்குத்தான் உபயோகம்!

துணி, தையல் எல்லாம் ஓகே. மூணு ஸ்டார். இப்ப மச்சான் அவனோட கார் சாவிய போட்டு வெக்கறான், பட்டன் ஸ்டார்ட் வண்டி, சாவி சிக்னலை வெளிய நின்னு இழுத்து திருடறாங்களாம். அதுக்கு கரெக்டா இருக்கு.