ஐரோப்பாவில் எல்லை தாண்டும் ரயில்களுக்கு ஆன்லைனில் டிக்கெட்: சில வருட அனுபவம்

ஐஆர்சிடிசியில் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு ஐரோப்பா முதலில் எரிச்சலைத்தான் தரும். நாட்டுக்கு நாடு தனி ரயில்வே, தனிச் செயலி, தனி விலை. பெர்லினிலிருந்து பிராக் போகும் அதே ரயிலுக்கு ஜெர்மனியின் டாய்ச்ச பான் ஒரு விலை காட்டும், செக் ரயில்வே வேறொரு விலை காட்டும். இரண்டு தளத்தையும் திறந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஸ்டுட்கார்ட்டில் குடியேறியதிலிருந்து விடுமுறைக்கு எங்கே போனாலும் பெரும்பாலும் ரயில்தான். தொடக்கத்தில் எது மலிவு என்று மட்டும் பார்ப்பேன். இப்போது முதலில் பார்ப்பது, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் வருகிறதா என்பதை.

இடைத்தரகர் செயலிகளில் தேடும்போது எல்லாம் ஒரே பயணமாகத்தான் தெரியும். பணம் கட்டியதும் மின்னஞ்சலில் இரண்டு டிக்கெட் வந்து விழும். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது கிளம்பிவிட்டால், அந்த இரண்டாவது டிக்கெட் பல நேரம் வெறும் காகிதம். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. செயலிக்காரர்கள் ரயில்வேயைக் கேட்கச் சொன்னார்கள், ரயில்வே கவுன்ட்டரில் வாங்கிய இடத்தில் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் அன்றைய விலைக்குப் புது டிக்கெட்.

ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்த இன்னொரு பயணத்திலும் இதேபோல் இணைப்பு ரயில் தவறியது. சேவை மையத்தில் முத்திரை குத்தி அடுத்த ரயிலில் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரே டிக்கெட் என்றால் போய்ச் சேரும் இடத்தில் ஏற்பட்ட மொத்தத் தாமதம்தான் கணக்கு. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதம் இழப்பீடாகக் கேட்கலாம்.

2023 ஜூனில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி இடைத்தரகர்களையும் விடவில்லை. அவர்களாகவே சேர்த்து ஒன்றாக விற்ற டிக்கெட்டுகள் தனித்தனி ஒப்பந்தம் என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்றால், இணைப்பு தவறும்போது மொத்தத் தொகையையும் திருப்பித் தந்து, அதன்மேல் 75 சதவீதம் இழப்பீடும் கொடுக்க வேண்டும். அதனால் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், பணம் கட்டும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில்!

டாய்ச்ச பான் தளத்தில் எனக்குப் பிடித்த வசதி, ரயில் மாற வேண்டிய நேரத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். விட்டால் எட்டு நிமிடத்தில் நடைமேடை மாறச் சொல்லும். பெரிய பெட்டிகளோடு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது அது நடக்கிற காரியமா? குறைந்தது அரை மணி நேரம் வைத்துத் தேடுவேன். வழியில் ஓர் ஊரைக் குறிப்பிட்டு, அங்கே சில மணி நேரம் தங்குவதாகவும் போடலாம். மியூனிக்கில் இறங்கி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வியன்னாவுக்கு ஏறினாலும் ஒரே டிக்கெட்தான்.

இருக்கை விஷயம் புதிதாக வருபவர்களைக் குழப்பும். பிரான்ஸின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா ஆகிய அதிவேக ரயில்களில் டிக்கெட்டோடு இருக்கையும் வரும். ஜெர்மனியின் ஐசிஇ-யில் இரண்டாம் வகுப்புக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வெள்ளிக்கிழமை மாலையில் கதவோரம் தரையில் உட்கார்ந்து போக நேரலாம். பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் பாஸ் வைத்திருப்பவர்களும் டிஜிவி, இரவு ரயில்களுக்கு இருக்கைக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு யூரெய்ல் பாஸ். இங்கே வசிப்பவர்களுக்கு, இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும், இன்டர்ரெய்ல்.

ஆஸ்திரிய ரயில்வேயின் இரவு ரயிலான நைட்ஜெட்டில் ஆறு பேர் படுக்கும் பெட்டி முதல் தனி அறை வரை உண்டு. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய புதிய ரயில்களில் ஒருவர் மட்டும் படுக்கும் குட்டி அறைகளும் வந்துவிட்டன. தாமதித்தால் இவற்றின் விலை ஏறிக்கொண்டே போகும். கிறிஸ்துமஸ் பயணம் மட்டும் தனிக் கதை. டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க கால அட்டவணை மாறுவதால், அதற்குப் பிந்தைய தேதிகளுக்கான விற்பனை பல தடங்களில் தாமதமாகத்தான் திறக்கும்.

அப்புறம் பெயர். படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. இனிஷியல்காரர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுவது நல்லது, பெயர் உள்ள டிக்கெட்டைப் பரிசோதகர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடலாம். இந்திய வங்கி அட்டை என்றால், வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முதலில் திறந்து வையுங்கள்.

என் 'ஒரே டிக்கெட்' விதி ஸ்பெயினில் எடுபடுவதில்லை. பாரிஸிலிருந்து பார்சிலோனா வரை டிஜிவியில் ஒரு டிக்கெட், அங்கிருந்து தெற்கே போக ஸ்பெயின் ரயில்வேயில் இன்னொன்று. அந்தப் பக்கம் போகும்போது பார்சிலோனாவில் ஓர் இரவு தங்குவதாகவே திட்டம் போட்டுவிடுவேன். ஓட்டல் செலவு கூடும்தான், ஆனால் மறுநாள் காலை ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை.