ட்ரம்ப்பின் அந்த ஒரு வரி: எந்த விளக்கம் நிற்கும்?

2022 டிசம்பர் 3ஆம் தேதி டொனால்ட் ட்ரம்ப் தன் சொந்த சமூக வலைதளமான ட்ரூத் சோஷியலில் ஒரு பதிவு போட்டார். 2020 அதிபர் தேர்தலில் ஜோ பைடனிடம் தோற்றவர் அவர்; மோசடியால்தான் தோற்றேன் என்பது அவர் வாதம். அந்தத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பைடனின் மகன் ஹன்டருடையது எனப்பட்ட லேப்டாப்பில் இருந்தவை பற்றிய செய்தியை ட்விட்டர் முடக்கிய கதை, அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டு ‘ட்விட்டர் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் முந்தின நாள்தான் வெளியாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதியதன் சாரம் இது: இவ்வளவு பெரிய மோசடி, எல்லா விதிகளையும், அரசியலமைப்பில் இருப்பவற்றையும்கூட, முடித்துவைக்க இடம் தருகிறது.

சரி, யாருக்கு இடம் தருகிறது? அதைத்தான் அவர் சொல்லவில்லை.

எதிர்ப்பாளர்களின் விளக்கம் ஊரறிந்தது: அரசியலமைப்பைத் தூக்கி எறியச் சொல்கிறார். அவர்மேல் கொஞ்சம் தயவு காட்டிப் படித்தால் இன்னொன்றும் கிடைக்கும்: மோசடி செய்தவர்கள் எல்லா விதிகளையும் செல்லாக்காசாக்கிவிட்டார்கள் என்று புலம்புகிறார், அவ்வளவுதான். அந்த வரியை மட்டும் கத்தரித்து வைத்துப் பார்த்தால் இதையும் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதற்கு முந்தின வாக்கியத்தில், 2020 முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘உரிய வெற்றியாளரை’ அறிவிப்பதா, புதுத் தேர்தல் வைப்பதா என்று கேட்கிறார். இரண்டுக்குமே அமெரிக்க அரசியலமைப்பில் வழி கிடையாது. மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டோரல் வாக்குகளை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எண்ணி முடித்து, 2021 ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்றாயிற்று. அப்புறம் அதிபரை இறக்க இம்பீச்மென்ட், அதாவது நாடாளுமன்றம் நடத்தும் பதவிநீக்க நடவடிக்கை, உண்டுதான். இறக்கினாலும் அந்த நாற்காலியில் உட்காருவது துணை அதிபர். தோற்ற வேட்பாளர் அல்ல. ஆக, விதியை ஒதுக்கினால் ஒழிய அவர் கேட்டது நடக்காது. இங்கேயே தயவான விளக்கம் விழுந்துவிடுகிறது.

அதற்காக முதல் விளக்கத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ‘அரசியலமைப்பையே ரத்து செய்யச் சொன்னார்’ என்பது கொஞ்சம் தூக்கல். பேச்சு அந்த ஒரு தேர்தலைப் பற்றியது. தன் வழியில் நிற்கும் விதிகள் விலக வேண்டும் என்கிறார். அது மட்டும் சின்ன விஷயமா என்ன!

ஏதோ ஆத்திரத்தில் உளறியது என்போரும் உண்டு. மைக் முன்னால் வாய் தவறியதல்ல, தட்டச்சு செய்து போட்டது. போட்டவரோ சில வாரங்களுக்கு முன்புதான் மறுபடியும் அதிபர் வேட்பாளராகத் தன்னை அறிவித்துக்கொண்டவர்.

டிசம்பர் 5ஆம் தேதி அவரே மறுப்பும் எழுதினார். அரசியலமைப்பை முடித்துவைக்க வேண்டும் என்று தான் சொன்னதாகப் பரப்புவது பொய் என்றார். சரி, அப்படியானால் சொன்னது என்ன? மோசடி நடந்தால் தவறைச் சரிசெய்ய உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றதாம். எந்த விதியின்படி எடுப்பது என்பது அதிலும் இல்லை.