சுங்கை சிப்புட்டில் இடதுகை வில் செட்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பெட்டி மேல் ‘லெஃப்ட் ஹேண்ட்’ என்று போட்டிருக்கும். திறந்தால் பாதிச் சாமான் வலதுகைக்கு. இணையத்தில் விற்கும் இடதுகை ‘முழு செட்’களில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் அலைச்சலும் நம் தலையில். எனவே கைப்பிடியான ரைசரை முதலில் சரியாக வாங்கிவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் எங்கள் பரிந்துரை.

அதற்கும் முன்னால் கண். வீட்டில் அதட்டி அதட்டிச் சோற்றுக்கும் பேனாவுக்கும் வலது கையைப் பழக்கிவிட்டிருப்பார்கள். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்துச் செம்பனை உச்சி ஒன்றை அதன் வழியே பாருங்கள். பார்வையை எடுக்காமல் கைகளை முகத்தை நோக்கி இழுத்தால், ஓட்டை எந்தக் கண்ணுக்கு வந்து நிற்கிறதோ அதுதான் குறிபார்க்கும் கண். அது இடது என்றால் இடதுகை வில். அர்ச்சுனனுக்குச் சவ்யசாசி என்று பெயர், இரண்டு கையாலும் எய்வானாம். நமக்கு ஒரு கண் சொல்வதைக் கேட்டால் போதும்.

இடதுகை வில்லை வலது கை பிடிக்கும், இடது கை நாணை இழுக்கும். நாண் நம் பக்கம் இருக்கும்படி பிடித்தால், பிடிக்கு மேலே மரம் செதுக்கி விட்ட இடைவெளி வலப்பக்கம் தெரிய வேண்டும். விற்பவர் போடும் படம் முன்பக்கமிருந்து எடுத்ததாக இருந்தால் இது மாறித் தெரியும். நாண் பக்கத்துப் படம் கேட்டு வாங்குங்கள்.

லிம்ப் (ரைசரின் மேலும் கீழும் பூட்டும் வளையும் பட்டை), நாண், கைக்காப்பு மூன்றுக்கும் இடது வலது கிடையாது. ரைசர், அம்பு உட்காரும் ரெஸ்ட், விரல் காக்கும் டேப் ஆகியவை கட்டாயம் இடதுகைக்கானவையாக இருக்க வேண்டும். குறிபார்க்க உதவும் சைட் சிலவற்றைத் திருப்பிப் பூட்டலாம், எல்லாவற்றையும் அல்ல. அதிகம் மாறி வருவது ஒட்டும் ரெஸ்ட். வலதுகை ரெஸ்ட்டை இடதுகை ரைசரில் ஒட்டினால் அதன் கம்பி எய்பவர் பக்கம் திரும்பிவிடும். அம்பு போகும்போது மடங்கிக் கொடுக்காமல் இறகைத் தட்டும். அம்பு ஆடிக்கொண்டே போகும். பழி எய்தவர் மேல் விழும்.

முதல் வில்லுக்குச் சாமிக் சேஜ் நல்ல தேர்வு. 62 அங்குலம், மர ரைசர், இடதுகையிலும் வருகிறது. சைட், பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் முனை) பூட்டப் பித்தளைத் துளைகள் முன்பே உண்டு. கை பலப்பட்ட பிறகு லிம்பை மட்டும் மாற்றி, நாணை இழுக்கத் தேவைப்படும் எடையைக் கூட்டலாம். உயரமானவருக்கு இது குட்டை. 28 அங்குலத்துக்கு மேல் இழுப்பவர் 68, 70 அங்குல வில்லைப் பார்க்கட்டும்.

எடையில் ஆசைப்பட வேண்டாம். லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கு உரிய கணக்கு. ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 பவுண்ட் குறையும். விரித்த கைகளின் அகலத்தை 2.5-ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் கிடைக்கும். 160 செ.மீ. என்றால் 64 செ.மீ., அதாவது சுமார் 25 அங்குலம். அவர் கையில் 25 பவுண்ட் வில் 19 பவுண்ட் போலத்தான் இழுக்கும். தொடக்கத்துக்கு அது போதும். செட்டோடு 500 எண் கார்பன் அம்பு வந்தால் தள்ளி வையுங்கள். எண் கூடக் கூட அம்பு வளையும். இந்த எடைக்கு 1000 வாக்கில் வேண்டும்.

பூட்டும்போது எடை எழுதிய லிம்ப் கீழே. நாண் ஏற்ற ஸ்டிரிங்கர் கயிறு கட்டாயம். காலை ஊன்றி வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். ஏற்றியதும் இரண்டு முனைகளிலும் நாண் பள்ளத்தில் சரியாக விழுந்திருக்கிறதா பாருங்கள். பிடியின் உட்குழியிலிருந்து நாண் வரை சேஜுக்கு 7.5 முதல் 8.25 அங்குலம். குறைந்தால் நாணைக் கழற்றிச் சில முறுக்கு கூட்டுங்கள். நாக் பாயின்டை, அதாவது அம்பின் வால் நாணில் மாட்டும் இடத்தை, ரெஸ்ட்டிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு மேலே 8 மி.மீ. அளவில் வைத்துத் தொடங்கலாம். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டால் லிம்ப் வெடிக்கும்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் வலதுகைக்காரருக்கு எழுதியவை. அவற்றில் உள்ள இட வலத்தை அப்படியே திருப்பிப் படியுங்கள். அம்பு வில்லுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, இறகுள்ள அம்போடு இறகில்லாத அம்பையும் எய்வார்கள். நமக்கு, இறகில்லாத அம்பு மற்றதற்கு வலப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு, இடப்பக்கம் விழுந்தால் இளக்கம். இதைத் திருப்பாமல் படித்து, விறைத்த அம்புக்குப் பதில் இன்னும் விறைத்ததை வாங்கியவர்கள் உண்டு. மூன்று இறகில் நிறம் மாறிய ஒன்று ரைசரை விட்டு விலகி, வலப்பக்கம் பார்க்கட்டும்.

இலக்குக்கு உரச் சாக்கு இரண்டில் பழந்துணியைக் குத்திக் குத்தி அடைத்தால் இந்த எடை தாங்கும். தளர்வாக அடைத்தால் அம்பு மறுபக்கம் வரும், எனவே பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். முடிந்ததும் நாணை இறக்கிவிடுங்கள். மத்தியான வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் கிடந்தால் லிம்பின் பசை விட்டு அடுக்கு பிரியும்.