500 வெள்ளி அபராதத்தோடு ஊர் போய் வந்த கதை

மூன்று வருடம் கழித்து மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட்டில் இறங்கினேன். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் ஏறிய ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து எங்கள் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குத்தான் பஸ் இல்லை. கிராப் வாடகைக் கார் கிடைக்க அரை மணி நேரம் ஆனது.

அம்மா தவறியதிலிருந்து வீடு பூட்டியே கிடக்கிறது. வாடகைக்கு விட மனசு வரவில்லை. மெல்பர்னில் இருந்துகொண்டு ‘ஊரில் வீடு இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம். கேட்டில் சுகாதார அலுவலக நோட்டீஸ், எழுத்து வெளுத்துத் தொங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா தம்பி? பேரனுக்கு டிங்கி, அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். இந்த வரிசையில நாலு வீட்டுல காய்ச்சல்.”

அலுவலகத்துக்கு போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே ஒரு மலாய் இளைஞர் வந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போய் டார்ச் அடித்தார். ரப்பர் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது அப்பா ஞாபகத்துக்கு எடுத்து வந்த, ரப்பர் பால் பிடிக்கும் மங்குகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். ஒன்றிலிருந்து தண்ணீரை எடுத்து சின்ன பாட்டிலில் விட்டுக் காட்டினார். கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. “ஜெந்திக்-ஜெந்திக்,” என்று மலாயில் அவற்றின் பெயரைச் சொன்னார், திட்டாமல்.

தெருவில் இரண்டு தடவை புகை அடித்தார்களாம். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை அல்ல. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த மங்கின் உட்சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் கொசு. அது சில நூறு மீட்டர்தான் பறக்கும். அதாவது, அக்கா வீடு வரைக்கும் தாராளமாக. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் வருடச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் எழுதினார். கவுண்டரில் கட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சேவையில் குறை சொல்ல வழியே இல்லை, போங்கள்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கால்வாயை ஆள் வைத்து சுத்தம் செய்தார்கள். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க டாக்டர் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கியதிலிருந்து வந்த பழக்கம் அது. தோட்டத்து நிர்வாகியான துரைக்குக் கருணை என்று நினைக்க வேண்டாம், ஆள் படுத்தால் பால் இறங்காது. தாமானில் அப்படிக் கேட்க ஆளில்லை. அவரவர் கேட், அவரவர் பூட்டு.

பேரனின் ரத்தப் பரிசோதனைக்கு நானும் துணை போனேன். அரசு கிளினிக்கில் கட்டணம் மருந்தோடு 1 வெள்ளி. கிராப்புக்குப் போக வர 24. அக்கா வழக்கமாக யாருடைய மோட்டார் சைக்கிளுக்காவது காத்திருப்பாராம். முதல் காய்ச்சலில் இரண்டு நாள் பப்பாளி இலைச் சாறிலேயே போனது அதனால்தான். பிளேட்லெட் இப்போது ஏறிவிட்டது.

மங்குகளைக் கழுவிக் கவிழ்த்து அலமாரியில் வைத்தேன். கிளம்பும்போது சாவியை அக்காவிடம் நீட்டினேன்.

“எனக்கு முட்டி வலி தம்பி. வாராவாரம் உங்க பின்கட்டை யாரு பார்க்கிறது?”

சரிதான். வீட்டுக்குக் குடிவர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். வாடகை கம்மியானாலும் பரவாயில்லை.