புதுத் தொட்டியில் பால் நிறத் தண்ணீர்: மாற்றுவதா, காத்திருப்பதா?

மீன் தொட்டி வைத்த மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்தால் பலரும் உடனே வாளியைத் தூக்கிவிடுகிறார்கள். மணலைச் சரியாகக் கழுவாமல் முதல் நாளே கலங்கியிருந்தால் அது சரிதான். பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் பஞ்சு வைத்தால் தெளியும்.

ஆனால் 2, 3 நாள் கழித்து வரும் வெண்மை பெரும்பாலும் பாக்டீரியாப் பெருக்கம். அதற்குக் காத்திருப்பதே மேல் என்பேன். தண்ணீரை மாற்ற மாற்ற அவை மறுபடி பெருகும். ஃபில்டரை நிறுத்தாமல் ஓடவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தெளிந்துவிடும்.

உள்ளே மீன் இருந்தால் கதை வேறு. உணவைக் குறையுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைச் சோதியுங்கள், ஏறியிருந்தால் குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு மாற்றியே ஆகவேண்டும். கலங்கல் இன்னும் சில நாள் நீண்டாலும் பரவாயில்லை, மீன் பிழைக்கட்டும். அப்புறம், ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், அதில் வாழும் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.